கோத்த ரெண்டு சீட்டு

…என்னையச் சீட்டாடறவன்னுதான சொன்னா? இல்லீங்க, மறைக்காதீங்க, உங்க மூஞ்சியிலயே தெரியுது. குழாயில தண்ணி எப்ப வருமுன்னு கேக்க வந்தவங்க எம்பட கையவே பாத்துட்டு நின்னா எனக்குத் தெரியாதுங்களா? அந்தக் கடைசி ஊட்டுக் குப்பாயிதான் சொல்லியிருப்பா. நீங்க லாரியில இருந்து சாமான் எறக்கறதுக்குள்ளாற ஓடி வந்திருப்பா, "பக்கத்து ஊட்டு சௌந்திரம் சீட்டாடறவ, பாத்துப் பழகுங்க"ன்னு. தண்ணி வந்தா குழாய் கக்கற சத்தம் ரயிலடி வரைக்கும் கேக்குமுங்க, அது வரைக்கும் உக்காருங்க. அந்தத் தண்ணிப் போசிய அப்பிடி ஓரமா வெச்சுட்டு உக்காருங்க.

நான் சீட்டாடறவ இல்லீங்க. ரம்மின்னா என்னன்னே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு சீட்டு. அந்த ரெண்டையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்து உடறது. சீட்டுல நடுவால அறுத்து எடுத்துட்டா ஓரம் மட்டும் நிக்குமில்லீங்க, போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி… அந்த மாதிரி ரெண்டு சட்டம். அதுங்கள சங்கிலிக் கண்ணியாட்ட மாட்டி உங்க கையில குடுப்பேன். நீங்க இழுத்துப் பாக்கலாம், திருப்பிப் பாக்கலாம், வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கலாம். கிழிசலும் இருக்காது, ஒட்டுனதும் இருக்காது. இது சீட்டாட்டமுங்களா? நீங்களே சொல்லுங்க. ஆனா குப்பாயிக்கு வித்தைக்கும் சூதாட்டத்துக்கும் வித்தியாசம் தெரியோணுமே. அவளுக்கு மோருக்கும் சுண்ணாம்புத் தண்ணிக்குமே வித்தியாசம் தெரியாது, அவ ஊட்டுல ஒரு நாள் குடிச்சுப் பாருங்க, தெரியும்.

இந்தக் கெரகமெல்லாம் எதுனாலங்கறீங்க? ரெண்டு ஆம்பளைங்களால. ஒண்ணு எங்கூட்டுக்காரரு. ரயில்வேல பார்சல் ஆபீசு கிளார்க்கு. பேரு நான் சொல்ல மாட்டேன், கதவு மேல பலகையில இருக்குது, மருதாசலம்னு… பாருங்க, சொல்லிட்டேன். இன்னொண்ணு எங்கண்ணன் சின்னுசாமி, மோகனூர்ல வெத்தலக் கொடிக்கால் வெச்சிருக்கறாரு. எம்பட கல்யாணம் ஆனதுல இருந்து ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க. ஒரே எலயில தின்னவங்கதான். எங்கண்ணன் வெத்தலக் கூடைய வடக்க அனுப்பறதுக்கு சேலம் சங்சனுக்கு வருவாரு, போட்டுட்டு இங்க வந்து சாப்புட்டுட்டுப் போவாரு. 

எமர்ஜென்சி முடிஞ்சதுக்கப்பறம் ஒரு சித்திர மாசமுங்க, வெயிலு கொளுத்துது. வெத்தல வாடிப்போயிருமேன்னு எங்கண்ணன் அவசரப்படறாரு. வரிசையில முன்னால ஆளுங்க நிக்கறாங்க. "மாப்ள, எட போட்டு நேரத்தப் போக்காதீங்க, எப்பவும் அனுப்பற கூடதான, சும்மா ஏத்தி உடுங்க"ன்னாராமா. எங்கூட்டுக்காரருக்கு அங்க மேசைக்குப் பொறத்தால உக்காந்துட்டா மச்சான் தெரியாது மாமன் தெரியாது, பெத்த தாயே வந்து நின்னாலும் தராசுல ஏறுன்னுதான் சொல்லுவாரு. ஒவ்வொரு கூடையா எட போட்டாரு. சொமதூக்கறவங்க, மத்த வியாபாரிங்க எல்லாம் பாத்துட்டு நிக்கறாங்க. எங்கண்ணனுக்கு ரோசம் வந்துருச்சு. 

"எந்தங்கச்சிய உங்களுக்குக் குடுத்தப்ப நாங்க எட போட்டா குடுத்தோம்?"னு கேட்டுப்போட்டாரு.

அதுக்கு இவரு, மூக்குக் கண்ணாடியக் கூடத் தூக்காம, "போட்டிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேனுங்க மச்சான்"ன்னு சொல்லியிருக்கறாரு.

சிரிக்கறீங்க பாருங்க. சிரிங்க, எல்லாரும்தான் சிரிச்சாங்க. பார்சல் ஆபீசே சிரிச்சுதாம். என்னைய ஒரு பார்வ பாத்துட்டுச் சிரிக்கறீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியறதில்ல. எங்கண்ணன் கூடய அப்பிடியே போட்டுட்டு பஸ் ஏறிட்டாரு. அவ்வளவுதான். அதோட பேச்சு நின்னுபோச்சு. வெத்தலய கரூருக்குக் கொண்டுபோயி ஏத்த ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு பேருக்கும் மானம் போச்சாம். எட போட்டுப் பேசுனது என்னைய. எம்பட மானத்தப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களான்னா, இல்ல.

தீவாளி, பொங்கல் நோம்பிக்கு எங்கண்ணன் சீர் கொண்டுட்டு வருவாருங்க, ஊட்டுக்கு வர மாட்டாரு. பஸ் ஸ்டாண்டுக்கு என்னைய வரச் சொல்லி, அங்க நின்னு பையக் குடுத்துட்டுப் போவாரு, கள்ளச் சாராயம் கைமாத்தற மாதிரி. நான் மோகனூர் போனா இவரு வர மாட்டாரு. அதயெல்லாங்கூட பொறுத்துக்கலாமுங்க. எம்புள்ளைக்குக் காது குத்தோணுமில்ல? தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான குத்தோணும். "நான் வாரேன், உங்கூட்டுக்காரன் வந்து கூப்புடட்டும்"ங்கறாரு அவரு. "தாய்மாமன் முறைன்னா அவராத்தான் வரோணும், நான் எதுக்குக் கூப்புடறது"ங்கறாரு இவரு. புள்ள மூணாங்கிளாஸ் வந்துட்டா, காது மூளியா இருக்குது. பள்ளிக்கூடத்துல பையன்னு கூப்புடறாங்கன்னு அழுவுறா. கொஞ்ச நாள் ஈக்குமாத்துக் குச்சிய ஒடிச்சு பசை போட்டு காதுல ஒட்டிட்டுப் போனா.

அப்பத்தான் வெள்ளியங்கிரி வந்து சேந்தான். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன், இருவத்தஞ்சு வயசு இருக்கும், கல்யாண ஊடுகள்ல வித்த காட்டறவன். மேடயேறி ஆளத் துண்டு போடற வித்தயெல்லாம் இல்லீங்க. சாப்புட்டுட்டு உக்காந்திருப்பாங்கல்ல, அவங்க பக்கத்துல போயி கைக்கெட்டுன தூரத்துல காட்டறது. அவன் பொட்டிய பார்சல்ல போட்டிருக்கறான், வந்து சேரல. எங்கயோ வேற ஊருல எறங்கிருச்சு. அது வார வரைக்கும் இவன் பார்சல் ஆபீசுலயே உக்காந்துட்டு எங்கூட்டுக்காரரு பேனாவ மறைக்கறது, முத்தரைக் கட்டைய மறைக்கறதுன்னு இருந்திருக்கறான். தொல்ல தாங்காம சாப்பாட்டுக்கு இங்க கூட்டிட்டு வந்துட்டாரு. 

தின்னான் பாருங்க, அந்த மாதிரி ஒருத்தன் திங்கறத நான் பாத்ததே இல்ல. இட்டிலிய மறைக்கறதுதான் அவன் செஞ்ச பெரிய வித்த. ஆள் என்னமோ கொடிக்கம்பி மாதிரி இருப்பான். தின்னுட்டு, எங்கூட்டுக்காரரு ரம்மி ஆடற சீட்டுக்கட்ட வாங்கி, ஒரு பிளேடு கேட்டு வாங்கி, ரெண்டு சீட்டு நடுவால அறுத்து, ஒண்ணுல அவரு பேரு, ஒண்ணுல எம்புள்ள பேரு எழுதச் சொன்னான். கையில வெச்சு இப்பிடி ஒரு தேய் தேய்ச்சான். கோத்துக்கிச்சுங்க. எம்புள்ள இழுத்துப் பாக்கறா, வரல. எங்கூட்டுக்காரரு வாயத் தொறந்தவரு மூடல. அந்த மனுசன் ஒரு பொருளப் பாத்து அசந்து நின்னத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். அத அப்பிடி வெச்சுக்கிட்டு ராத்திரி படுக்கற வரைக்கும் பாத்துட்டே இருந்தாரு.

எனக்கு அப்பவே தோணிருச்சு. ஒண்ணுல எங்கண்ணன் பேரு, ஒண்ணுல இவரு பேரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் பெருசா யோசிக்கலீங்க. ரெண்டு பேரும் ஒரே பொருள ஒரே நேரத்துல கையில புடிக்கோணும், அவ்வளவுதான் எம்பட கணக்கு.

மறுநா வெடியால அவன்கிட்டச் சொல்லிப்போட்டேன், வித்தயச் சொல்லிக் குடுத்தாத்தான் வட்டல்ல சோறு உழுவும்னு. மொதல்ல ரகசியம் அது இதுன்னு இழுத்தான். குழம்புத் தாளிச்ச வாசம் வந்ததுக்கப்பறம் ஒத்துக்கிட்டான். மத்தியானம் எங்கூட்டுக்காரரு ஆபீசு போனதும் அடுப்படியில பாடம். "அக்கா, கை காஞ்சிருக்கோணும்"ங்கறான். எனக்கு எப்பங்க கை காயும்? அரிசி களையறது, பாத்தரம் தேய்க்கறது, துணி தொவைக்கறது… இந்த வித்தையக் கண்டுபுடிச்சவன் ஒரு நாளும் பாத்தரம் கழுவுனவனா இருக்க மாட்டான். அப்பறம் மஞ்சளுங்க. வெரல்ல இருக்கற மஞ்சக் கறை சீட்டோட வெள்ள ஓரத்துல அப்பிக்கும், எங்க புடிச்சேன் எங்க அமுக்குனேன்னு அப்பிடியே காட்டிக் குடுத்துரும். எம்புள்ள பவுடரக் கையில கொட்டித் தேய்ச்சுட்டு உக்காருவேன். வளையல் வேற, ஒவ்வொரு அசைவுக்கும் சலக்குங்கும். மேல முழங்கை வரைக்கும் ஏத்தி நூலப் போட்டுக் கட்டிக்குவேன்.

பாதி சொல்லிக் குடுத்திருப்பான், பொட்டி வந்துருச்சு. அன்னிக்கே கோயமுத்தூர் வண்டியில ஏறிட்டான். கோக்கறதச் சொல்லிக் குடுத்தான், கோத்ததுக்கு அப்பறம் அடுத்தவங்க கையில குடுத்தாலும் கண்டுபுடிக்க முடியாத மாதிரி பண்றதச் சொல்லிக் குடுக்கல. கேட்டா, "மிச்சத்தக் கையே சொல்லுங்கக்கா"ன்னு சன்னல் வழியா சொல்லிட்டுப் போறான். சோத்த மட்டும் மிச்சம் வெக்காமத் தின்னானே, அத யாருகிட்டப் போயி சொல்றது?

அப்பறம் நானேதாங்க. எங்கூட்டுக்காரரு ரம்மிக்கட்டுல இருந்து ரெண்டு ரெண்டு சீட்டா உருவி, அறுத்து, கிழிச்சு, அடுப்புல போட்டு. பால் பொங்குனது தெரியாது, பருப்பு அடிப்புடிச்சது தெரியாது. ஞாயித்துக்கெழம இவரு சேக்காளிங்க ரம்மிக்கு உக்காந்தா, இஸ்பேட் ராணியக் காணோம், கிளாவர் ஜாக்கியக் காணோம். கார்டு சரவணமுத்துன்னு ஒருத்தரு, ரயில்ல பச்சக்கொடி காட்டறவரு, அவருதான் அதிகமா செயிக்கறவரு. அதனால எல்லாரும் அவர முழிச்சுப் பாத்திருக்கறாங்க. அவரு அங்கராக்குச் சட்டையக் கழட்டி ஒதறிக் காட்டிட்டு, "இனி உங்ககூட ஆடுனா என்னைய ஏன்னு கேளுங்க"ன்னு போயிட்டாரு. நான் அடுப்படியில வாயில முந்தானைய அடைச்சுட்டு நிக்கறேன். பாவமா இருந்துதுங்க, நெசமாத்தான் சொல்றேன். அதனால அதுக்கப்பறம் ஊட்டுக் கட்டத் தொடல. ரயில்வே கேட்டுப் பக்கத்துக் கடையில நானே போயி புதுக் கட்டு வாங்குனேன். ஒண்ணு தீந்ததும் இன்னொண்ணு. கடைக்காரன் பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டு பல்லக் காட்டறான். திரும்பிப் பாத்தா தேங்காண்ணெய்க் கிண்ணத்தோட குப்பாயி. இப்பத் தெரியுதுங்களா அந்தப் பேரு எப்பிடி வந்துதுன்னு? சீட்டாடறவ. நல்லா வேணும் எனக்கு.

சொல்லாம உட்டுப்போன பாதி எனக்கு எப்ப வெளங்குச்சுங்கறீங்க? தீவாளிக்கு முறுக்குப் புழிஞ்சுட்டு இருக்கறப்ப. எப்பிடின்னு மட்டும் கேக்காதீங்க. அது எங்கூட்டுக்காரருகிட்டயே இன்னும் சொல்லல, நேத்து வந்த உங்ககிட்டச் சொல்லிருவேனா?

தை மாசம் சேந்தமங்கலத்துல எம்பட பெரியம்மா மவ மயிலம்மா புது ஊடு குடிபோனா. எங்க ரெண்டு ஊட்டுக்கும் ஒறம்பற, சொந்தக்காரங்க. எங்கண்ணனும் வருவாரு, இவரும் வந்தே ஆகோணும். வந்தாங்க. பந்தல்ல ஒருத்தரு அந்தக் கோடி, ஒருத்தரு இந்தக் கோடி. பந்தியில இவருக்கு எல போட்ட பக்கமா அவரு திரும்பவே இல்ல. சாப்புட்டு முடிச்சு எல்லாரும் வெத்தல போட்டுட்டு உக்காந்திருக்கறாங்க, நான் பட்டுச்சீலையோட நடுவுல போயி உக்காந்து, மடியில இருந்து சீட்டுக்கட்ட எடுத்தேன். மயிலம்மா மாமியாரு, "இதென்னடி கூத்து"ன்னாங்க. எங்கூட்டுக்காரரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. 

நேரா எங்கண்ணன்கிட்டப் போயி ஆட்டின் ராஜாவக் குடுத்து, ஓரத்துல கையெழுத்துப் போடுங்கண்ணான்னேன். அவரு பேனாவ வாங்கிட்டு என்னையவே பாக்கறாரு. "எதுக்குடி கையெழுத்து கேக்கற? பாகம் பிரிக்கறதுக்கா?"ங்கறாரு. கூடப் பொறந்தவ கையெழுத்துக் கேட்டா சொத்துக்குத்தான்னு நெனக்கற புத்தி. சீட்டுல போட்டா சொத்து வருமாண்ணான்னு கேட்டதுக்கப்பறந்தான் போட்டாரு, அதும் முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு. இவருகிட்ட ஜாக்கியக் குடுத்தேன். அவருக்கு ராஜா எனக்கு ஜாக்கியாங்கற மாதிரி ஒரு பார்வ. ஆபீசுப் பழக்கம், கையெழுத்துக்குக் கீழ தேதியும் போட்டாரு.

எல்லாரும் பாக்க பிளேடால நடுவ அறுத்து எடுத்தேன். சட்டம் ரெண்டும் கையில வெச்சு ஆரம்பிச்சேன்… கை வேர்த்துப் போச்சுங்க. ஒண்ணு நழுவிக் கீழ உழுந்துருச்சு. மயிலம்மா மாமியாரு சிரிச்சாங்க. அப்பறம் எல்லாருந்தான். பின்னாலருந்து ஒருத்தன், சீட்டு எடை தாங்கல போலன்னான். பார்சல் ஆபீசுப் பேச்சு சேந்தமங்கலம் வரைக்கும் வந்திருக்குது பாருங்க. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிருச்சு. எந்திரிச்சுப் போயிரலாம்னு பாத்தேன். எதுக்க எம்புள்ள உக்காந்திருக்கறா, காதுல மறுபடியும் அந்த ஈக்குமாத்துக் குச்சியோட. குனிஞ்சு சீட்ட எடுத்தேன். முந்தானையில கையத் தொடச்சேன். மறுக்கா ஆரம்பிச்சேன்.

கோத்துக்கிச்சு. எனக்கே எப்பக் கோத்துச்சுன்னு தெரியல, அத்தன சுத்தமா வந்துது. தூக்கிப் புடிச்சேன், ஒண்ணுல இருந்து ஒண்ணு தொங்குது. அப்பிடியே எந்திரிச்சு, எங்கண்ணன் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து இவரு முன்னால உக்கார வெச்சு, அவரு பேரு போட்டத அவருகிட்டயும் இவரு பேரு போட்டத இவருகிட்டயும் குடுத்தேன். இப்ப உடவும் முடியாது, தனியா எடுத்துட்டுப் போகவும் முடியாது. ரெண்டு பேரும் அதயே பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. இவரு மெதுவா இழுத்துப் பாத்தாரு.

"இழுக்காதீங்க மாப்ள, கிழிஞ்சிரும்"னாரு எங்கண்ணன்.

"நான் எங்க மச்சான் இழுக்கறேன்? நீங்க கொஞ்சம் தளத்திப் புடிங்க."

சொன்னதுக்கப்பறந்தான் ரெண்டு பேருக்கும் ஒறச்சுது பேசிப்போட்டோம்னு. எங்கண்ணன் தொண்டையக் கனைச்சாரு. இவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அப்பறம் அந்தக் கண்ணாடிய எங்கண்ணன்கிட்டக் குடுத்து, "இதப் போட்டுப் பாருங்க, ஒட்டுனது தெரியுதா"ன்னாரு.

எனக்கு அங்க நிக்க முடியலீங்க. ஊட்டுக்குப் பொறத்தால பொடக்காலிக்குப் போயி தொட்டித் தண்ணியில மூஞ்சி கழுவுனேன், கழுவிட்டே இருந்தேன். ஒருத்தரும் தேடி வரல. எல்லாரும் சீட்டத்தான் சுத்தி நின்னாங்க. செஞ்சவ எங்கடான்னு ஒருத்தரு கேக்கோணுமே. நல்லா செஞ்சேன்னு இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேருல ஒருத்தரு வாயில இருந்து வரல.

காதுகுத்து நடந்துதுங்க, பங்குனியில. இவரே மோகனூர் போயி கூப்புட்டாரு. எம்புள்ள மாமன் மடியில உக்காந்து அவரு கையக் கடிச்சுப்போட்டா. ஆசாரி ஒரு காது குத்தி முடிச்சுட்டு அடுத்த காதுக்குத் திருப்பறாரு, இவங்க ரெண்டு பேரும் அந்தக் கூச்சல்லயும் தலைக்கு மேல குசுகுசுன்னு பேசறாங்க, இவ எப்பிடிக் கோத்திருப்பான்னு. கடைசியா ஒரு முடிவுக்கும் வந்துட்டாங்க. என்ன முடிவுங்கறீங்க? சீட்டுக் கம்பெனிக்காரனே அப்பிடிக் கோத்துத்தான் விக்கறானாம். அதுக்குன்னே தனியாக் கட்டு வருதாம். அப்ப உங்க கையெழுத்து எப்பிடி அதுல வந்துதுன்னு கேட்டேன். கம்பெனிக்காரனுக்கு அதெல்லாம் ஒரு பெரிய வேலையான்னாரு எங்கண்ணன். ஆமாமான்னு இவரும் தலையாட்டறாரு. இத்தன வருசத்துல ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். 

இருந்துட்டுப் போவட்டும். வாய் தொறந்து நாந்தான்னு நிரூபிச்சா அப்பறம் அதுல ஒரு சண்ட ஆரம்பிக்கும்.

ஆனா மனசு கேக்கறதில்லீங்க. யாராச்சும் ஒருத்தரு நேர்ல பாத்து, நீதான் செஞ்சன்னு சொல்லோணும். குப்பாயி சொல்ல மாட்டா. நீங்க சொல்லுவீங்கன்னு தோணுது… இருங்க, எந்திரிக்காதீங்க, தண்ணி இன்னும் வரல, அது ரயில்வே கேட்டு மூடற மணி. இந்தாங்க, இந்தச் சீட்டப் புடிங்க. டைமன் ராணி. இந்தாங்க பேனா. ஓரத்துல உங்க பேர எழுதுங்க, நல்லா அழுத்தி. இன்னொண்ணுல நான் எழுதிக்கறேன். 

எழுதுங்க… அட, பேருதாங்க. இத்தன நேரம் உக்கார வெச்சுப் பேசறேன், உங்க பேரு என்னன்னே நான் கேக்கல பாருங்க.